கருவுக்குள் கங்காணி உண்டா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஆறாம் படிவ மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கருவின் எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுக்கள்தாமே இருக்கின்றன, ஐயா? பிறகு சில நஞ்சுக்கொடியாகவும் சில குழந்தையாகவும் மாறுவது எப்படி? பெரட்டில் (தோட்டத்தின் காலை ஒன்றுகூடலில்) வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணியைப் போலத் தலைமை மரபணு ஏதும் உண்டா?"

தோட்டத்துப் பிள்ளைக்கே தோன்றக்கூடிய நல்ல கேள்வி. அப்படியொரு கங்காணி இல்லை என்பதே என் விடை.

கருவுற்றவுடன் கருவின் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் இயங்குவதில்லை. முட்டை முதிரும்போது தாய் அதில் சேர்த்துவைத்த ஆர்.என்.ஏ.வும் (மரபணுச் செய்தியின் நகல்) புரதங்களுமே முதல் பிளவுகளை நடத்துகின்றன. எலியில் இரண்டு உயிரணு நிலையிலும், மனிதரில் நான்கு முதல் எட்டு உயிரணு நிலையிலும்தான் கருவின் மரபணுக்கள் பெருமளவில் செயல்படத் தொடங்குகின்றன.

வேலைப் பிரிவினை அதற்குப் பின்னர் வருவது. அது எலியில்தான் மிகத் தெளிவாக ஆராயப்பட்டிருக்கிறது. எட்டு உயிரணு நிலையில் ஈ-கேடெரின் என்ற புரதத்தின் துணையால் உயிரணுக்கள் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. அடுத்தடுத்த பிளவுகளில் சில வெளிப்புறத்திலும் சில உட்புறத்திலும் அமைகின்றன. வெளிப்புற உயிரணுவின் ஒரு பக்கத்தில் அண்டை உயிரணு இல்லாததால் அதன் இரு முனைகளும் வேறுபடுகின்றன. அதனால் ஹிப்போ என்னும் சமிக்ஞைத் தொடர் (உயிரணுவுக்குள் செய்தி கடத்தும் புரதங்களின் வரிசை) அடங்க, யாப் என்னும் புரதம் மரபணுக்கள் இருக்கும் உயிரணுவின் உட்கருவுக்குள் சென்று, டீட்4 புரதத்துடன் சேர்ந்து சிடிஎக்ஸ்2 மரபணுவை இயக்குகிறது. அந்த உயிரணு நஞ்சுக்கொடியின் வழியில் செல்கிறது. உட்புற உயிரணுவிலோ ஹிப்போ விழித்திருந்து யாப்பை உட்கருவுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவதால், சிடிஎக்ஸ்2 எழுவதில்லை, ஆக்ட்4 என்னும் மரபணுவின் இயக்கம் நிலைத்திருக்கிறது. அங்கிருந்துதான் குட்டியின் உடல் உருவாகிறது. அதாவது, உயிரணு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே எந்த மரபணு இயங்கும் என்பது அமைகிறது.

இந்த நெகிழ்வை 1959-லேயே போலந்து அறிஞர் ஆந்த்ரெய் தர்கோவ்ஸ்கி காட்டினார். எலியின் இரண்டு உயிரணுக் கருவில் ஒன்றை அழித்த பின்னும், எஞ்சிய ஒன்றிலிருந்து முழுமையான எலி பிறந்தது. வேலைகள் அப்போதே பங்கிடப்பட்டிருந்தால் இது நடந்திருக்காது.

ஆக்ட்4-ஐத் தலைமை மரபணு என்று எழுதும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. அது இல்லாத எலிக் கருக்களில் உட்புற உயிரணுக்கள் நஞ்சுக்கொடி வழிக்கே திரும்பியதை 1998-இல் கண்டார்கள். ஆகவே அது இன்றியமையாததுதான், ஆனால் தானே முடிவெடுப்பதில்லை. 2017-இல் லண்டனில் மனிதக் கருவில் அதே மரபணுவை முடக்கியபோது, கருக்கோளம் (கருப்பையில் பதியும் முன் கரு அடையும் உள்ளீடற்ற பந்து வடிவம்) உருவாவதே பெரிதும் தடைப்பட்டது. ஆகவே எலிக் கருவின் வரைபடத்தை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடாதீர்கள், தங்கையே.