மேலே ஏறிப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. வன்னியில் பைத்தன் என்ற நிரல் மொழியில் எழுதும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அந்தப் பைத்தனுக்காகச் சி மொழி நிரல் ஒன்றைக் கொம்பைல் பண்ண, அதாவது மெஷின் ஓட்டக்கூடிய கோப்பாக மாற்ற வேண்டி வந்தால்தான் திண்டாட்டம். அப்போது வரும் மூன்று எரர்களைப் பற்றித்தான் இன்று.

புதுக்குடியிருப்புப் பக்கத்துத் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். "சேர், ஜிசிசி பழுதாப் போச்சு." ஜிசிசி என்பது அந்தக் கொம்பைல் வேலையைச் செய்யும் கருவி. படத்தில் இருந்தது கடைசி வரி மட்டும்: ஜிசிசி கட்டளை தோல்வி. அந்த வரியில் ஒரு தகவலும் கிடையாது. அதை நம்பி, டேட்டா கார்ட் போட்டு, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் முழுவதையும் திரும்ப இறக்கத் தொடங்கிவிட்டார்! "தம்பி, முதல்ல அதை நிப்பாட்டும். திரையில மேல ஏறும். ஃபேட்டல் எரர் எண்டு முதன்முதல் எங்க வருது?" ஏறிப் பார்த்தால், பைத்தன் டொட் எச் என்ற கோப்பைக் காணவில்லையாம். இவ்வளவுதான் விசயம். பைத்தன்3-டெவ் என்ற சின்ன மென்பொருள் பொதியைப் போட்டதும் வேலை முடிந்தது.

பைத்தன் ஏற்கெனவே ஓடுகிறதே என்று கேட்பீர்கள். ஓடுவதற்கு அந்தக் கோப்பு தேவையில்லை, கொம்பைல் பண்ணிக் கட்டுவதற்குத்தான் தேவை. அதனால் டெபியனும் உபுண்டுவும் அதைத் தனிப் பொதியில் வைக்கின்றன. பைத்தன் 3.12 ஐத் தனியாகப் போட்டவர்களுக்கு 3.12 க்கான டெவ் பொதியே வேண்டும். தம்பியுடையது பழைய 32 பிட் மடிக்கணினி. அதற்கு ஆயத்தமாகக் கட்டிய பொதிகளைப் பலர் இப்போது வெளியிடுவதில்லை. அதனால்தான் பைத்தன் பொதிகளை இறக்கித் தரும் பிப் என்ற கருவி மூலநிரலை இறக்கி ஜிசிசியைக் கூப்பிட்டது. எங்கள் பக்கம் இப்படியான மெஷின்கள் இன்னும் ஓடுகின்றன, எனவே திரும்பவும் சொல்கிறேன்: கடைசி வரியை விடுங்கள், முதல் எரரைத் தேடுங்கள்.

இரண்டாவது, லிங்கர் எரர். கொம்பைல் ஆன துண்டுகளை லைப்ரரி என்ற ஆயத்த நிரல் தொகுப்புகளோடு இணைப்பதுதான் லிங்கர். "கெனொட் ஃபைன்ட், ஹைபன் எல் இசட்" என்று வரும். லிங்கர் தேடுவது லிப்இசட் டொட் எஸ்ஓ என்ற லைப்ரரிக் கோப்பை. மெஷினில் இருப்பதோ லிப்இசட் டொட் எஸ்ஓ டொட் 1. முதலெழுத்து இல்லாமல் பெயரைக் கேட்டால் "அப்படி ஆள் இல்லை" என்று சொல்லும் கந்தோர் போலத்தான் லிங்கரும். எண் இல்லாத அந்தப் பெயரும் டெவ் பொதிக்குள்தான் வரும். இதற்கான பொதியின் பெயர் இசட்லிப்1ஜி-டெவ். ஊகித்துக் கண்டுபிடிக்கிற பெயரா இது? ஏபிடி-ஃபைல் என்ற கருவியிடம் கோப்பின் பெயரைக் கொடுங்கள், எந்தப் பொதி என்று அது சொல்லும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். மூன்றாவதை ஓட்டமாகச் சொல்கிறேன். கொம்பைல் ஆகிவிட்டது, ஆனால் இம்போர்ட் பண்ணும்போது லைப்ரரி இல்லை என்கிறதா? கட்டிய எஸ்ஓ கோப்பை எல்டிடி கட்டளையால் பாருங்கள், "நொட் ஃபவுண்ட்" என்று வருவதுதான் குறை. அந்த லைப்ரரியை நீங்களே யுஎஸ்ஆர்-லோக்கல் என்ற ஃபோல்டருக்குள் கட்டிப் போட்டிருந்தால், ரூட் என்ற நிர்வாகி அதிகாரத்தோடு, லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகொன்ஃபிக் கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் லைப்ரரிகளை எழுதும் ஒழுங்கு... சரி, அது இன்னொரு நாளைக்கு. வணக்கம்.