மழை வேண்டாம் என்று ஜெபித்த பாட்டி | சுங்கை சிப்புட் வ்லாக்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம். பின்னால் கேட்பது மழைதான். தகரக் கூரை என்பதால் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன். இப்போது நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து வடக்கே, கோலகங்சார் போகிற வழியில் இருக்கிற தோட்டத்து டவுன். பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் காலேஜ் ஜெபக்குழு மிஷன் டிரிப் வந்திருக்கிறோம்.

"அங்கேதான் ஏற்கெனவே சபை இருக்கிறதே, நீங்கள் போய் என்ன சொல்லப் போகிறீர்கள்?" என்று போன வீடியோவில் சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1903-ல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்ததால், மிஷன் என்றாலே யாரும் போகாத ஊருக்கு முதல் ஆளாகப் போவது என்றுதான் எனக்கும் நினைப்பு. இங்கே அதெல்லாம் இல்லை. தமிழ்ச் சபைகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 11(4) பிரிவு இடம் கொடுக்கிறது. அதனால் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், நின்று துண்டுப்பிரதி கொடுக்கிற வேலை கிடையாது என்று போதகர் வந்தவுடனேயே சொல்லிவிட்டார். சபைக் குடும்பங்களைப் பார்ப்பது, பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும், அடுப்படியில் காய் நறுக்குவது. அவ்வளவுதான்.

சரி, தலைப்பில் சொன்ன பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் பார்க்கப் போன சபைக் குடும்பம் ஒன்றில் இருப்பவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இப்போது மகன் வீட்டில், டவுனுக்குள் இருக்கிறார். பிறந்தது, வளர்ந்தது, பால்மரம் வெட்டியது (ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுப்பதை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) எல்லாம் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில். அந்த இடம் இன்று முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை. 1948 ஜூன் 16 அன்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் வந்தது. பாட்டிக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அப்பா சொல்லிக் கேட்டதாம். பிறகு தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்குவதற்காக, இந்த ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டியின் அப்பாவும் சம்பளத்தில் மாதம் பத்து வெள்ளி (இந்த நாட்டுக் காசு) கட்டினாராம். "வீட்டுல அரிசி இல்லாதப்பகூட கட்டினாரு" என்று இன்னும் கோபமாகவே சொல்கிறார்.

அந்த வீட்டில் ஜெபம் பண்ணும்போது நல்ல மழை. எங்கள் லீடர் அண்ணன், ஊர்ப் பழக்கத்தில், "ஆண்டவரே, இந்த ஆசீர்வாத மழைக்காக ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தார். பாட்டி கண்ணைத் திறந்து சிரித்துவிட்டார். "நாங்க மழைய நிப்பாட்டச் சொல்லித்தான் ஜெபம் பண்ணுவோம் தம்பி."

காரணம் இதுதான். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் விடியும் முன்பே மரம் வெட்டப் போவார்கள். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழியும். வெட்டிய பிறகு மழை வந்தால் மங்கில், அதாவது பால் வடியும் கிண்ணத்தில், இருக்கும் பாலோடு தண்ணீர் சேர்ந்துவிடும். அன்றைய கூலி போச்சு. அதனால் விடிகாலையில் எழுந்து வானத்தைப் பார்த்து, "வாளியில ஊத்துற வரைக்கும் பொறுத்துக்கோ ஆண்டவரே" என்று கேட்பாராம். பெய்துவிட்டால்? "கோவிச்சுக்குவேன். அப்புறம் சாயங்காலம் பாட்டுப் பாடுவேன். ரெண்டும் அவருக்குத்தானே."

எனக்கு அங்கேயே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த வருஷம் முழுக்க என் ஜெபம் வேலைக்குப் போடுகிற விண்ணப்பம் மாதிரி இருந்தது. மரியாதையான வார்த்தைகள், குறைகள் மறைக்கப்பட்டு, கடைசியில் ஒரு ஆமென். மேல்படிப்புக்கு இடம் கிடைக்காத கோபத்தை அவரிடம் சொல்லவே இல்லை. சொன்னால் விசுவாசம் குறைந்த பிள்ளை ஆகிவிடுவேனோ என்று பயம். பாட்டியோ வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டபடியே பக்தியாக இருந்திருக்கிறார். அன்று இரவு நானும் கொஞ்சம் சண்டை போட்டேன். பதில் வந்து சேர்ந்ததா என்று கேட்காதீர்கள், இடம் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் ரொம்ப நாளைக்கப்புறம் ஜெபத்தை முடிக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

மிஷன் டிரிப் வீடியோ என்றால் மெல்லிய இசை போட்டு, பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்கிற காட்சி வைப்பார்கள். அது எனக்கு ஒத்து வராது. பாட்டியும் முகத்தைக் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார், "பல்லு கட்டின பொறவு எடு" என்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையில் சாப்பாடு. எங்கள் ஊர் அசனத்துக் (சபை விருந்து) கறிக்குழம்பை வைத்துக் காட்டுகிறோம் என்று பையன்கள் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒருவருக்கும் சமைக்கத் தெரியாது. அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். சாப்பிடப் போகிறவர்களுக்காகவும்.