மாநிலங்களவையில் அண்ணா: ஒரு ‘லாம்’ குறித்த வழக்கு

(தக்கலையில் நடந்த வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, இளைய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அறிஞர் அண்ணாவை மேடைப் பேச்சாளராக நாமெல்லோரும் அறிவோம். அவருடைய அடுக்குமொழியை மனப்பாடமாகச் சொல்லும் முதியவர்கள் இந்த அரங்கிலேயே சிலர் இருக்கிறார்கள். ஆனால் 1962 ஏப்ரல் முதல் 1967 பிப்ரவரி வரை மாநிலங்களவையில் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து, அடுக்குமொழியை அறவே விலக்கி வைத்துவிட்டு, அரசு கொண்டுவந்த மசோதாக்களின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருள் கேட்ட அண்ணாவைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. குழித்துறை நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்காடிய எனக்கு மிகவும் நெருக்கமானவர் அந்த அண்ணாதான். ஆகவே இன்று அவரைப் பற்றியே பேசுகிறேன்.

அவர் மாநிலங்களவைக்குப் போனதே ஒரு தோல்வியின் வழியாகத்தான். 1962 தேர்தலில் தி.மு.க. சட்டமன்றத்தில் ஐம்பது இடங்களையும் மக்களவையில் ஏழு இடங்களையும் பிடித்தபோது, கட்சியின் தலைவரான அவர் காஞ்சிபுரத்தில் தோற்றார். பிறகு சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்குகளால் டெல்லிக்குச் சென்றார். அந்த அவையில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை இருந்தது. எதிர்வரிசையில் கம்யூனிஸ்ட் கட்சியின் பூபேஷ் குப்தாவும், அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் தோற்று வந்திருந்த ஜனசங்கத்தின் வாஜ்பாயும் இருந்தார்கள். தம்முடைய வாக்கால் எந்த மசோதாவையும் தடுத்து நிறுத்த முடியாது என்பதை அண்ணா முதல் நாளிலிருந்தே அறிந்திருந்தார்.

1962 மே 1 அன்று, குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது அவர் ஆற்றிய கன்னி உரையைப் படித்துப் பார்க்க வேண்டும். திராவிட இனத்தைச் சேர்ந்தவன் என்பதில் பெருமை கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, அதனால் வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்தியருக்கோ நான் எதிரியல்லன் என்று அடுத்த மூச்சிலேயே சொன்னார். மனிதன் எங்கும் மனிதனே என்ற இராபர்ட் பர்ன்ஸின் கருத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். நாட்டுக்குத் தருவதற்குத் திராவிடர்களிடம் தனித்தன்மையுள்ள ஒன்று உண்டு, ஆகவேதான் தன்னுரிமை கேட்கிறோம் என்று வாதத்தை அமைத்தார். தனிநாட்டுக் கோரிக்கையை நான் ஏற்றவன் அல்லன். அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆயினும் தமக்கு முன்னால் இருந்த பெரும்பாலோர் வெறுத்த ஒரு கருத்தை, ஒருவரையும் புண்படுத்தாமல், குறுக்கீடுகளுக்கு நடுவே நிதானம் தவறாமல் அவையின் பதிவேட்டில் ஏற்றிய விதத்தை நான் மதிக்கிறேன். எதிர்க்கருத்தைச் சொல்வதற்கென்றே நாடாளுமன்றம் இருக்கிறது என்பதை அவர் சொல்லிக் காட்டாமல் செய்து காட்டினார்.

அதே ஆண்டு அக்டோபரில் சீனப் போர் மூண்டது. அண்ணா தம் கோரிக்கையை ஒதுக்கி வைத்து, போர் முயற்சிக்கு ஆதரவு என்று அறிவித்தார். வீடு இருந்தால்தானே ஓடு மாற்ற முடியும் என்று அவர் சொன்னதைத் தமிழ்நாடு இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு, 1963 ஜனவரியில், அரசியலமைப்பின் பதினாறாம் திருத்தம் அவைக்கு வந்தது. நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஊறு விளைவிக்கும் பேச்சைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அது 19ஆம் பிரிவில் சேர்த்தது. தேர்தலில் நிற்பவர்கள் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றும் ஆக்கியது. தி.மு.க.வை மனத்தில் வைத்து எழுதப்பட்ட திருத்தம் அது என்பதை அவையில் அறியாதவர் இல்லை.

இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த நமக்கு இங்கே ஒரு செய்தி தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் திருத்தத்துக்கு அடிப்படையான பரிந்துரை, தேசிய ஒருமைப்பாட்டுக் குழு அமைத்த ஒரு துணைக்குழுவிடமிருந்து வந்தது. அதன் தலைவர் சர் சி.பி. இராமசாமி ஐயர். 1936 முதல் 1947 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர். 1947 ஜூனில், ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாகவே நிற்கும் என்று அறிவித்தவரும் அவர்தான். அப்போது திருவிதாங்கூருக்குள் இருந்த கல்குளமும் விளவங்கோடும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் அந்த அறிவிப்பைக் கேட்டன. ஒரு மனிதரின் நிலைப்பாடு பதினைந்து ஆண்டுகளில் அவ்வளவு தொலைவு நகரக்கூடும் என்றால், மாற்றுக் கருத்துக்காரரைச் சட்டத்தால் பூட்டுவதற்கு முன் விவாதத்துக்கு இடம் கொடுப்பதே முறை என்று நான் கருதுகிறேன்.

அண்ணாவின் வாதமும் அந்தத் திசையில்தான் சென்றது. அரசியல் இறையாண்மை மக்களிடம் இருப்பதாக முகப்புரை சொல்கிறது. சட்ட இறையாண்மையை ஒன்றியமும் மாநிலங்களும் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. அப்படியிருக்க, நாங்கள் கேட்பதை மாநிலங்களுக்கு இன்னும் கூடுதலான ஆற்றல் கேட்பதாக ஏன் நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டார். திருத்தம் நிறைவேறி 1963 அக்டோபர் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே தி.மு.க. தன் சட்டதிட்டத்தை மாற்றிக்கொண்டு, இந்திய இறையாண்மைக்குள் மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் என்ற நிலைக்கு வந்தது. கோரிக்கையைக் கைவிட்டாலும் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அவர் சொன்னார். தோற்ற பிறகு சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, அதே வேளையில் வாதத்தைக் கைவிடாமல் வேறு வடிவில் தொடர்ந்த அந்தப் பண்பு அரிது.

இனி நான் சொல்லவந்த முக்கியமான பொருளுக்கு வருகிறேன்.

அரசியலமைப்பு 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தபோது, ஒன்றியத்தின் ஆட்சிமொழி இந்தி என்றும், பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலமும் தொடரும் என்றும் விதித்தது. அந்தக் கெடு 1965 ஜனவரி 26 அன்று முடிய வேண்டும். இடையில், 1959 ஆகஸ்ட் 7 அன்று, பிரதமர் நேரு மக்களவையில் ஓர் உறுதி தந்தார். மக்களுக்குத் தேவைப்படும் வரை ஆங்கிலம் மாற்று மொழியாக இருக்கும், எவ்வளவு காலம் என்பதை முடிவு செய்யும் உரிமையை இந்தி பேசாத மக்களிடமே விடுவேன் என்பது அதன் சாரம். பெருந்தன்மையான உறுதிமொழி, அதை உளமாரவே அவர் தந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைச் சட்டமாக்குவதாகச் சொல்லித்தான் 1963இல் ஆட்சிமொழிகள் மசோதா வந்தது. அதன் மூன்றாம் பிரிவு, பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்தியோடு கூட ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்று கூறியது. ஆங்கில வாசகத்தில் அந்த இடத்தில் இருந்த சொல் ‘மே’ (may), அதாவது ‘லாம்’. இருக்க வேண்டியது ‘ஷால்’ (shall), அதாவது கட்டாயமாகப் ‘பயன்படுத்தப்படும்’ என்றார்கள் எதிர்க்கட்சியினர்.

இந்த வேறுபாட்டைச் சிறு சொல்விளையாட்டு என்று கருதுபவர்கள் இன்றும் உண்டு. தமிழில் வைத்துப் பாருங்கள். ஒருவர் உங்களிடம் ஐம்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கிக்கொண்டு, ‘மேற்படித் தொகையை வருகிற சித்திரை மாதம் திருப்பித் தரலாம்’ என்று எழுதிய பத்திரத்தை நீட்டினால், நீங்கள் வாங்கிப் பெட்டியில் வைப்பீர்களா? ‘தருவேன்’ என்று எழுதச் சொல்வீர்கள். அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் சொல்வீர்கள். ஏனென்றால் நாளைக்கு அவர் மகனிடம் அந்தப் பத்திரத்தைக் காட்டித்தான் நீங்கள் கேட்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டின் சார்பில் அண்ணா கேட்டதும் இதையேதான். ‘மே’ என்பதற்குப் பயன்படுத்தலாம், பயன்படுத்தாமலும் இருக்கலாம் என்று இரண்டு விதமாகவும் பொருள் கொள்ள முடியும் என்றார்கள். இந்தச் சட்டத்தில் இரண்டு சொற்களுக்கும் ஒரே பொருள்தான் என்று நேரு விளக்கம் தந்தார். ஒரே பொருள்தான் என்றால் ‘ஷால்’ என்றே எழுதிவிடுவதில் என்ன தடை என்பது எதிர்க்கட்சிக் கேள்வி. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. ஏப்ரல் 27 அன்று மக்களவையில் அந்தச் சொல் மாறாமலேயே மசோதா நிறைவேறியது. மாநிலங்களவையிலும் அப்படியே ஆயிற்று.

அண்ணா அந்த விவாதத்தில் முன்வைத்த இன்னொரு வாதமும் ஆழமானது. ஆங்கிலம் யாருக்கும் தாய்மொழியாக இல்லாததால், அதனால் வரும் வசதியும் தொல்லையும் எல்லோருக்கும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்படும் என்றார். இந்தி மட்டும் ஆட்சிமொழியானால் ஒரு சாராருக்கு அது பிறக்கும்போதே கிடைத்த முதலாகவும், மற்றவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்ட வேண்டிய வரியாகவும் ஆகிவிடும்.

நம் மாவட்டத்தாருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. என் பாட்டியின் வீட்டு மரப்பெட்டியில் நிலத்துக்கான பழைய ஆதாரங்கள் இருந்தன. எல்லாம் மலையாள எழுத்து. பாட்டிக்குத் தமிழ் வாசிக்க நன்றாகத் தெரியும். ஆனால் தன் சொந்த விளையின் எல்லை எதுவரை என்று அறிந்துகொள்ள, ஒவ்வொரு முறையும் வக்கீல் குமாஸ்தா ஒருவரின் திண்ணையில் போய்க் காத்திருக்க வேண்டும். அவர் வாசித்துச் சொன்னதை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. மலையாளத்தின் மீது பாட்டிக்கு வெறுப்பு இருந்ததில்லை; சந்தையில் அந்த மொழியைச் சரளமாகப் பேசுவாள். ஆட்சி ஒரு மொழியிலும் வாழ்க்கை இன்னொரு மொழியிலும் இருந்தால் என்ன நடக்கும் என்பதுதான் அவளுடைய துன்பம். அந்தத் துன்பத்தை எடுத்துக்கொண்டு 1951–52 தேர்தலில் நாகர்கோவில் தொகுதியிலிருந்து திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் சார்பில் மக்களவைக்குச் சென்றவர் மார்ஷல் நேசமணி. அவரும் வழக்குரைஞர்; அவரும் எதிர்வரிசைக்காரர். ஒன்பது தாலுகாக்களைக் கேட்டார். 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்கள் முழுமையாகவும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழ்நாட்டுக்கு வந்தன. அந்த நான்கும்தான் நம் மாவட்டம் ஆனது. அண்ணா 1963இல் பேசியதை நாம் வேறு எந்த மாவட்டத்தாரையும்விட விரைவாகப் புரிந்துகொள்வதற்கு இதுவே காரணம்.

மசோதா சட்டமான பின் நடந்ததைப் பாருங்கள். 1964 மே 27 அன்று நேரு மறைந்தார். மூன்றாம் பிரிவு நடைமுறைக்கு வர வேண்டிய 1965 ஜனவரி 26 அன்று, உறுதிமொழி தந்தவர் உயிரோடு இல்லை. அவர் விட்டுச்சென்ற ‘மே’ மட்டும் சட்டத்தில் இருந்தது. எந்த அச்சத்தை முன்வைத்து எதிர்க்கட்சி வாதாடியதோ அந்த நிலைமை இரண்டே ஆண்டுகளில் அப்படியே வந்து நின்றது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சிலர் தம்மைத் தாமே எரித்துக்கொண்டார்கள். ஒன்றிய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தார்கள். பிப்ரவரி 11 அன்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் நேருவின் உறுதிமொழியைத் திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று. 1963இல் ஒரு சொல்லை மாற்ற மறுத்ததற்கு நாடு கொடுத்த விலை அது. அவையில் அமைதியாகச் சொன்னபோது கேட்டிருந்தால் அந்த இளைஞர்களில் பலர் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

மொழி விவாதத்தோடு ஒப்பிட்டால் பெயர் மாற்ற விவாதம் சிறியது. எனினும் விட்டுவிட மனமில்லை. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கோரும் தனிநபர் மசோதாவை மாநிலங்களவையில் கொண்டுவந்தவர் வங்காளத்துக்காரரான பூபேஷ் குப்தா. 1963இல் அதை ஆதரித்துப் பேசிய அண்ணா, பரிபாடலிலிருந்தும் பதிற்றுப்பத்திலிருந்தும் சான்று காட்டினார். பெயரை மாற்றுவதால் என்ன கிடைக்கும் என்று கேட்டபோது, நாடாளுமன்றத்துக்கு லோக்சபா என்றும் குடியரசுத் தலைவருக்கு ராஷ்டிரபதி என்றும் பெயர் வைத்து நீங்கள் என்ன பெற்றீர்களோ அதைத்தான் நாங்களும் பெறுவோம் என்று விடை சொன்னார். மசோதா தோற்றது. 1967 ஜூலை 18 அன்று, முதலமைச்சராக அவரே சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1969 ஜனவரி 14 அன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 3 அன்று அவர் மறைந்தார்.

இப்போது மீண்டும் அந்த ‘மே’ என்ன ஆயிற்று என்று பார்ப்போம். 1967 டிசம்பரில், இந்திரா காந்தி அரசு, ஆட்சிமொழிகள் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தால் ‘மே’ நீக்கப்பட்டது என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன், அது சரியன்று. மூன்றாம் பிரிவின் முதல் உட்பிரிவில் அது இன்றும் இருக்கிறது. ஆனால் அதன் கீழே ஒரு வரம்புரை சேர்க்கப்பட்டது: இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றியம் கொள்ளும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலமே பயன்படுத்தப்படும். அங்கே உள்ள சொல் ‘ஷால்’. அதற்குப் பிறகு ஐந்தாம் உட்பிரிவு வருகிறது. இந்தியை ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தை நிறுத்தத் தீர்மானம் நிறைவேற்றி, அவற்றை ஆராய்ந்த பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தனித்தனியே தீர்மானம் நிறைவேற்றும் வரை, இந்த ஏற்பாடு நிலைத்திருக்கும் என்கிறது அது. நேரு 1959இல் வாய்மொழியாகச் சொன்னதும், அண்ணா 1963இல் எழுதித் தாருங்கள் என்று கேட்டதும், அந்த உட்பிரிவில் சட்ட மொழியாக நிற்கின்றன. அண்ணாவின் கட்சி அன்று கேட்டது முழுவதும் கிடைத்துவிடவில்லை. கூடவே வந்த, இந்தியைப் பரப்ப வழிசெய்யும் மொழித் தீர்மானத்தை எதிர்த்துத் தமிழ்நாட்டில் மீண்டும் போராட்டம் எழுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாம் பிரிவின் முழு வாசகத்தைத் தமிழாக்கத்தோடு படியெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலுக்கு அருகில் உள்ள மேசையில் இருக்கிறது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் கட்டாயம் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். முதல் உட்பிரிவையும் ஐந்தாம் உட்பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நன்றி, வணக்கம்.