எண்ணெய் போட்ட கேட்

பட்டிமன்றத் தலைப்பு: அறிவியல் புனைவுத் தொடர்களில் வரும் மாற்று உலகம் கதைக்கு வலுவா, கதாசிரியருக்கு வசதியா?
'கதைக்கு வலுவே' அணியின் இரண்டாவது பேச்சு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவை நிறைந்த பெரியோர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி மூன்று குற்றச்சாட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மாற்று உலகம் என்று ஒரு கதவைத் திறந்துவிட்டால் செத்தவரெல்லாம் அதன் வழியாக நடந்து வந்துவிடுவார், அப்புறம் சாவுக்கு என்ன மரியாதை என்றார். எபிசோட் முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும், உட்கார்ந்து பார்த்த முக்கால் மணி நேரம் தண்டம் என்றார். கடைசியாக, செட் பழசு, நடிகர் பழையவர், ஒட்டுத்தாடி மட்டும் புதுசு, இது தயாரிப்பாளர் காசை மிச்சம் பிடிக்கிற வேலை என்றார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. அந்த ஒட்டுத்தாடிக்கு எங்கள் அணியிலும் இரண்டு பேர் தட்டினார்கள், நடுவர் கவனித்திருப்பார்.

தாடியிலிருந்தே தொடங்குகிறேன். 1967 அக்டோபர் 6 அன்று ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' எபிசோட், பெயர் 'மிரர், மிரர்', எழுதியவர் ஜெரோம் பிக்ஸ்பி. கிரகத்திலிருந்து கப்பலுக்குத் திரும்பும் நேரத்தில் அயனிப் புயல் அடிக்கிறது. ஆளை நொடியில் இடம் மாற்றும் டிரான்ஸ்போர்ட்டர் கருவி தடுமாறி, கேப்டன் கிர்க்கையும் கூட இருந்த மூன்று பேரையும் அவர்கள் கப்பலான எண்டர்பிரைஸ் மாதிரியே இருக்கும் இன்னொரு எண்டர்பிரைஸில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அங்கே கிரகங்களின் கூட்டமைப்பு கிடையாது, பேரரசுதான். மேலதிகாரியைத் தீர்த்துக்கட்டினால் பதவி உயர்வு. தப்புச் செய்தவனை நிற்க வைத்து வதைக்க ஒரு கூண்டு. இடுப்பில் குத்துவாள், பூமி உருண்டையைக் குத்தி நிற்கும் வாள் சின்னம், கிர்க்கின் துணை அதிகாரி ஸ்பாக் முகவாயில் அந்தத் தாடி. செலவு அவ்வளவுதான். தோழி போட்ட கணக்கு சரி.

ஆனால் செட்டை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏதோ ஒரு கொடுங்கோல் கிரகத்துக்குப் போய் வந்த கதை ஆகியிருக்கும். அப்படிப்பட்ட கதை அந்தத் தொடரில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் உண்டு. இங்கே நாற்காலி அதே நாற்காலி. எதிரே அதே விளக்குப் பலகை. கப்பலோட்டும் அதே சூலு, முகத்தில் மட்டும் ஒரு தழும்பு. வாராவாரம் பார்த்துப் பழகிய ஆள் அதே இடத்தில் கத்தியோடு நிற்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. நாவலில் இந்த வித்தை பாதிதான் பலிக்கும், இரண்டு மணி நேர சினிமாவில் கால்வாசி. மாதக்கணக்கில் ஒரு மனிதரை நம் வீட்டுக் கூடத்துக்கே கூட்டி வந்து பழக்கிய தொலைக்காட்சிக்குத்தான் இது முழுசாகக் கைவரும்.

இப்போது 'எல்லாம் பழையபடி ஆகிவிடும்' என்ற புகாருக்கு வருகிறேன். அதே எபிசோடின் கடைசியில் கிர்க் அந்தத் தாடி ஸ்பாக்கிடம் கேட்கிறார், இந்தப் பேரரசு எத்தனை காலம் ஓடும் என்று. ஸ்பாக் கணக்குப் போட்டுச் சொல்கிறார்: ஏறக்குறைய 240 ஆண்டு, அதற்குள் கலகம் வெடித்துக் கவிழ்ந்துவிடும். கவிழப் போவது தெரிந்தும் ஏன் தாங்கிப் பிடிக்கிறாய், நீயே மாற்றேன் என்கிறார் கிர்க். யோசிக்கிறேன் என்கிறார் ஸ்பாக். கிர்க் வீடு திரும்பிவிட்டார், படம் முடிந்தது, சுபம்.

முடியவில்லை. 27 வருஷம் கழித்து, 1994-இல், 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் 'கிராஸ்ஓவர்' எபிசோட் அதே உலகத்துக்குத் திரும்பிப் போனது. ஸ்பாக் யோசித்திருக்கிறார். பதவிக்கு வந்திருக்கிறார், சீர்திருத்தியிருக்கிறார், ஆயுதத்தைக் கீழே வைத்திருக்கிறார். பல் பிடுங்கப்பட்ட அந்தப் பேரரசைக் கிளிங்கான், கார்டாசியன் என்ற இரண்டு வேற்றுக்கிரக இனங்களும் கூட்டணி போட்டு விழுங்கிவிட்டன. மனிதர்கள் இப்போது தாது பிரிக்கும் கூடத்தில் அடிமைகள். நடுவர் அவர்களே, அந்த முதல் தொடரில் கிர்க் எத்தனை கிரகத்தில் இறங்கி நல்ல புத்தி சொல்லிவிட்டுப் பறந்திருக்கிறார்! ஒரு இடத்திலாவது அந்தப் புத்திமதிக்கான பில் இந்த அளவுக்கு வந்ததா? வந்த ஒரே இடம் மாற்று உலகம்தான். அங்கேதான் வரவும் முடியும். ஏனென்றால் தொடரின் சொந்த உலகத்தைச் சுடுகாடாக்க எந்தச் சேனலும் சம்மதிக்காது, அடுத்த வாரம் அதே கப்பல் பறந்தாக வேண்டும். விளைவு என்ற ஒன்றை முழுசாக நடத்திக் காட்ட வாராந்தரத் தொடருக்குக் கிடைத்த காலி மனை அது.

அடுத்து செத்தவர் விவகாரம். அதே ஸ்டார் ட்ரெக் வரிசையின் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 'டாஷா யார்' என்ற பெயரில் ஒரு பாதுகாப்பு அதிகாரி. 1988-இல், முதல் சீசனிலேயே, தார்க்குட்டை மாதிரி இருக்கும் ஒரு ஜந்து அவளை ஒரே வீச்சில் கொன்றுவிட்டது. வீர மரணம் இல்லை, ஒரு வசனம்கூட இல்லை. 1990 பிப்ரவரியில் 'எஸ்டர்டேஸ் எண்டர்பிரைஸ்' வந்தது. அதில் ஒரு இடத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். விண்வெளியில் ஒரு பிளவு, அதிலிருந்து ஏதோ ஒரு கப்பல் வெளியே வருகிறது. கேப்டன் பிக்கார்ட் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த நொடியில் கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் வெளிச்சம் இறங்கிவிடுகிறது. சீருடையின் வெட்டு மாறியிருக்கிறது. டாஷாவுக்குப் பின் அந்த வேலைக்கு வந்த வார்ஃப் நின்ற இடத்தில் டாஷா நிற்கிறாள். மனநல ஆலோசகர் டிராயைக் காணவே காணோம், போர்க்கப்பலுக்கு எதற்கு மனநல ஆலோசகர்? யாரும் திகைக்கவில்லை, யாரும் விளக்கவில்லை. பிக்கார்டுக்கு எதுவும் மாறவே இல்லை. மாறியது நமக்கும், மதுக்கூடத்தில் நிற்கும் கைனனுக்கும் மட்டும்தான் தெரியும்.

வந்த கப்பல் 22 ஆண்டுக்கு முந்தைய எண்டர்பிரைஸ். கிளிங்கான் குடியிருப்பு ஒன்றைக் காப்பாற்றப் போய், ரோமுலன் என்ற எதிரி இனத்தின் கப்பல்களிடம் அடிவாங்கிக்கொண்டிருந்தபோது இங்கே விழுந்துவிட்டது. அது அங்கே நின்று செத்திருந்தால் கிளிங்கானுக்கு மரியாதை வந்திருக்கும், சமாதானம் வந்திருக்கும். சாகாமல் தப்பியதால் கிளிங்கானோடு போர், இன்னும் ஆறு மாதத்தில் கூட்டமைப்பு சரணடைய வேண்டிய நிலை. ஆக, அந்தக் கப்பல் திரும்பிப் போய்ச் செத்தாக வேண்டும். தன் சாவு அர்த்தமில்லாத சாவு என்று கைனனிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட டாஷா, பிக்கார்டிடம் போய் மாற்றல் கேட்கிறாள். எந்தக் கப்பலுக்கு? சாகப் போகிற கப்பலுக்கு. செத்தவளைத் திருப்பிக் கொண்டு வந்தது உண்மை. எதற்கு? ஒழுங்காக ஒரு சாவைக் கொடுத்து அனுப்ப. அதுவும் சும்மா விடவில்லை. 1991-இல் சீலா என்று ஒரு ரோமுலன் தளபதி வந்து நிற்கிறாள், டாஷாவின் ஜாடையில், அந்தப் பழைய கப்பலோடு போய் ரோமுலனிடம் சிறைப்பட்ட டாஷாவின் மகள். தப்பி ஓடப் பார்த்த தாயை நாலு வயதில் காட்டிக் கொடுத்ததே அவள்தான். சாவுக்கு மரியாதை போய்விட்டதாம்!

கதவைத் திறந்தால் யார் வேண்டுமானாலும் வருவாரே என்றால், கெட்டிக்கார எழுத்தாளர்கள் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறார்கள். 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' 1999-இல் போட்ட தாழ்ப்பாள் எனக்குப் பிடிக்கும். ஒரே ஆள் இரண்டு பேராக ஒரே உலகத்தில் இருந்தால், வந்தவருக்கு உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்துவிடும். மாற்று உலகத்திலிருந்து கார்ட்டர், கவால்ஸ்கி என்ற இரண்டு பேர் வருகிறார்கள். இங்கே கார்ட்டர் உயிரோடு இருக்கிறாள், வந்த கார்ட்டருக்கு வலிப்பு. இங்கே கவால்ஸ்கி ஏற்கெனவே செத்துவிட்டார், அதனால் வந்த கவால்ஸ்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ இங்கே இருக்கலாம், ஏனென்றால் நீ இங்கே செத்துவிட்டாய். ஒரு விதி, மூன்றே வரி, அதிலேயே சோகம் வந்துவிடுகிறது.

காசு மிச்சம் பிடிக்கிறார்கள் என்ற புகாருக்கு ஒரு சாட்சி கைவசம் இருக்கிறது. 2008-இல் ஒளிபரப்பான சீசனுக்காக 'டாக்டர் ஹூ' குழு ஒரே சமயத்தில் இரண்டு எபிசோட் படம் பிடிக்க வேண்டியிருந்தது. டாக்டர் என்ற காலப்பயணியாக நடித்த டேவிட் டென்னன்ட் ஒன்றில், அவர் தோழி டோனாவாக நடித்த கேத்தரின் டேட் இன்னொன்றில். அதாவது நாயகன் இல்லாமல் நாயகன் பெயர் போட்ட தொடரை ஓட்ட வேண்டும். ரஸ்ஸல் டி. டேவீஸ் எழுதியது 'டர்ன் லெஃப்ட்'. ஒரு முச்சந்தி. டோனா அன்றைக்கு இடது பக்கம் காரைத் திருப்பியதால் டாக்டரைச் சந்தித்தாள். வலது பக்கம் திருப்பியிருந்தால்? அந்த 'இருந்தால்' ஒன்றை வைத்தே முழு எபிசோடும். டாக்டர் தேம்ஸ் அடியில் மூழ்கிச் செத்துவிடுகிறார். முந்தைய எபிசோடுகளில் அவர் தடுத்த ஒவ்வொன்றும் இப்போது தடுப்பாரின்றி வந்து விழுகிறது. விண்கப்பல் பக்கிங்ஹாம் அரண்மனை மேல் விழுந்து லண்டனே போய்விட, டோனா குடும்பம் லீட்ஸில் ஒரு சின்ன வீட்டில் அந்நியக் குடும்பங்களோடு நெருக்கியடித்துக் கிடக்கிறது.

பிரம்மாண்டம் எதுவும் இல்லை, ஒரு இராணுவ லாரிதான். கூட வசித்த இத்தாலியக் குடும்பத்தை அதில் ஏற்றுகிறார்கள். குடும்பத் தலைவர் சிரித்தபடியே விடைபெறுகிறார், வேலை முகாமுக்குப் போகிறோம் என்று. டோனாவின் தாத்தா வில்ஃப் மட்டும் முகம் செத்து நிற்கிறார். போன தடவையும் அதை அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்கிறார். நாயகன் கால்ஷீட் கிடைக்காததால் பிறந்த கதை அது. வசதிக்காக ஆரம்பித்தது வலுவாக முடிந்தால் தீர்ப்பை எந்தப் பக்கம் எழுதுவது என்பதை நடுவருக்கே விடுகிறேன்.

'ஃப்ரிஞ்ச்' தொடரைத் தொடாமல் இறங்கினால் எங்கள் அணித் தலைவர் விடமாட்டார். 2008 முதல் 2013 வரை, சரியாக நூறு எபிசோட். 1985-இல் வால்டர் பிஷப் என்ற விஞ்ஞானி தன் மகனைப் பறிகொடுக்கிறார். அந்தப் பக்கத்து உலகத்திலும் அதே பையன், அதே நோய். இங்கேயிருந்து மருந்தை எடுத்துக்கொண்டு உறைந்த ஏரி வழியாக எல்லையைக் கடக்கிறார். கைகலப்பில் மருந்துக் குப்பி உடைந்துவிடுகிறது. இங்கே கூட்டி வந்து குணப்படுத்திவிட்டுக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பதுதான் திட்டம். மனைவி பையனைப் பார்த்துவிடுகிறாள். அவ்வளவுதான், பையனைத் திருப்பி அனுப்பும் திட்டம் முடிந்தது. அந்த ஒரு களவால் அங்கே உலகமே இற்றுப்போகிறது. அந்த உலகத்தின் இழையில் ஓட்டை விழுந்தால் அம்பர் வாயுவை அடித்து உறைய வைத்து அடைக்கிறார்கள், உள்ளே மாட்டிக்கொண்ட ஜனங்களோடு சேர்த்து.

பார்க்கிறவர் குழம்பாமல் இருக்க அவர்கள் செய்த ஏற்பாடு எளிமையானது. தலைப்பு ஓடும்போது நீல நிறம் என்றால் நம் உலகம், சிவப்பு என்றால் அது. மூன்றாம் சீசன் தொடக்கத்தில் வாரம் மாற்றி வாரம் நிறம் மாறியது. நாயகி ஒலிவியாவாக நடித்த அன்னா டோர்வ் ஒரே நேரத்தில் இங்கத்திய ஒலிவியா, அங்கத்திய ஒலிவியா, இவள் வேடத்தில் அவள், தன்னை அவளென்று நம்ப வைக்கப்பட்ட இவள் என்று நான்கு நடை நடந்தார். இதற்கு ஒட்டுத்தாடி போதாது.

தவறு நடக்கவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அதே 'ஃப்ரிஞ்ச்' நான்காம் சீசனில் காலக்கோட்டையே திருத்தி எழுதி, ஒலிவியா மூன்று வருஷம் பட்டதையெல்லாம் அவள் நினைவிலிருந்து துடைத்தபோது எனக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் எதிரணி முதல் பேச்சாளர் 'லாஸ்ட்' கடைசி சீசனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினாரே, அது செல்லாது. 2010-இல் அந்தத் தொடர் பக்கவாட்டில் காட்டிய வாழ்க்கை கடைசியில் இறப்புக்குப் பிந்தைய இடம் என்று ஆனது. அது மாற்று உலகம் இல்லை ஐயா, மறுவுலகம். வேறு கோர்ட்டுக்குப் போக வேண்டிய வழக்கு.

ஒரே ஒரு மாறுதல், அதற்கு நம்பும்படி ஒரு காரணம், பிறகு கையைக் கட்டிக்கொண்டு விளைவை ஓட விடுவது: இதைச் செய்தவர்கள் தோற்றதில்லை. 2019-இல் வந்த 'ஃபார் ஆல் மேன்கைண்ட்' பாருங்கள். 1969 ஜூனில் நிலவில் முதலில் இறங்குவது சோவியத் வீரர் அலெக்ஸி லியோனவ். ஏன்? நிஜத்தில் சோவியத் ராக்கெட் திட்டத்தின் மூளையான கொரொலேவ் 1966 ஜனவரியில் அறுவைச் சிகிச்சையின்போது இறந்துபோனார். 30 எஞ்சின் பூட்டிய அவர்களுடைய என்-1 ராக்கெட் நான்கு முறை கிளம்பி நான்கு முறையும் நாசமானது. தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ரொனால்ட் டி. மூர் கொரொலேவைப் பிழைக்க வைத்தார், அவ்வளவுதான். அடுத்து சோவியத் ஒரு பெண்ணை நிலவில் இறக்க, அமெரிக்கா அவசர அவசரமாகப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. நிஜ அமெரிக்கப் பெண் விண்வெளிக்குப் போக 1983 ஆனது. தோற்ற உலகம் இந்த ஒரு விஷயத்தில் ஜெயித்த உலகத்தைவிட முந்திவிடுகிறது. இந்த மூர்தான் 1990-இல் டாஷாவைத் திரும்பச் சாக அனுப்பிய எபிசோடின் திரைக்கதையாளர்களிலும் ஒருவர் என்பதைத் தோழியின் கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்.

மணி அடிக்கப் போகிறது, நடுவர் கை நகர்வது தெரிகிறது. ஒன்றே ஒன்று. 'ஸ்லைடர்ஸ்'. பின்னாளில் அந்தத் தொடர் என்ன ஆனது என்று எதிரணி சிரிக்கும், சிரிக்கட்டும். 1996-இல், இரண்டாம் சீசன் தொடக்கத்தில் ஒரு காட்சி. உலகம் உலகமாகத் தாவிச் சொந்த வீட்டைத் தேடும் நான்கு பேர். ஒரு வழியாக ஒரு சான்ஃபிரான்சிஸ்கோவில், அவர்களில் ஒருவனான குவின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் இருந்து பார்க்க நேரமில்லை. அடுத்த தாவலைத் தவறவிட்டால் 29 வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடக்க வேண்டும். எப்படிச் சோதிப்பது? குவின் வாசல் கேட்டைத் திறந்து பார்க்கிறான். சின்ன வயசிலிருந்து கிரீச்சென்று கத்தும் கேட். இது கத்தவில்லை. நம் வீடு இல்லை என்று நால்வரும் தாவிப் போய்விடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மா வெளியே வருகிறாள், கூடவே வேலைக்காரர். அந்தக் கேட்டுக்கு எண்ணெய் போட்டுவிட்டேன் என்கிறார் அவர்.

அடுத்து பேச வரும் எதிரணி நண்பர் மற்ற எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். அந்த எண்ணெய் யாருடைய வசதிக்குப் போட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரட்டும். நன்றி, வணக்கம்.