விற்கப்பட்டவர் எழுதிய வரி

நண்பர்களே, "காதலிக்கவும் வேண்டும், புத்தி தெளிவாகவும் இருக்க வேண்டும் என்றால், அது கடவுளுக்கே கஷ்டம்." இதை எழுதியவர் யாரோ பெரிய தத்துவ ஞானி என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை, சிரியாவிலிருந்து அடிமையாக ரோமுக்குக் கொண்டுவரப்பட்ட பப்ளிலியஸ் சைரஸ். சைரஸ் என்பதற்கே சிரியாக்காரன் என்றுதான் பொருள், ஊர்ப் பெயரையே ஆளுக்கும் வைத்துவிட்டார்கள்.

பப்ளிலியஸ் பையனாக இருந்தபோது, வயிற்றில் நீர் கோத்து வீங்கிய ஓர் அடிமை முற்றத்து வெயிலில் படுத்துக் கிடந்தானாம். இவன் இங்கே என்ன செய்கிறான் என்று ஒரு பெரிய மனிதர் அதட்ட, "தண்ணீர் சுட வைக்கிறான்" என்றான் பையன். அந்த வாய்தான் அவனுக்கு விடுதலையும் படிப்பும் வாங்கித் தந்தது. அப்புறம் அவர் மைம் நாடகம் எழுதி ஆடினார். இன்றைய மைம் போலப் பேசாத கூத்து இல்லை, முகமூடி இல்லாமல் பேசிச் சிரிக்க வைக்கிற கூத்து. நாடகங்கள் எல்லாம் போய்விட்டன, அவற்றிலிருந்து பிறர் பொறுக்கி அகரவரிசையில் அடுக்கிய ஏறக்குறைய 700 வரிகள்தான் மிச்சம். "அதிர்ஷ்டம் கண்ணாடி, பளபளக்கும்போதே உடைந்துவிடும்" என்பது அதில் ஒன்று.

ஆனால் என்னை உலுக்கிய வரி வேறு: "உதவியை ஏற்பது சுதந்திரத்தை விற்பது." நன்றி கெட்ட பேச்சு என்று தோன்றலாம். எழுதியவர் விலைக்கு விற்கப்பட்டவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை படியுங்கள்.

கி.மு. 46-இல் சீசர் ஒரு போட்டி வைத்தார். குதிரை வீரர் வகுப்பு என்ற ரோமின் உயர்குடியைச் சேர்ந்த, 60 வயதான லபேரியஸ் என்ற நாடகாசிரியரை, மேடையேறினால் அந்த மரியாதையே போய்விடும் என்று தெரிந்தும், பப்ளிலியஸுக்கு எதிராக ஆட வைத்தார். சீசர் அழைத்தால் மறுக்க முடியுமா? லபேரியஸ் சவுக்கடி பட்ட சிரிய அடிமை வேஷத்தில் வந்து, "ரோம மக்களே, நம் சுதந்திரத்தை இழக்கிறோம்!" என்று அலறினார். "பலரும் யாருக்குப் பயப்படுகிறார்களோ, அவர் பலருக்குப் பயந்தே ஆக வேண்டும்" என்று அடுத்துச் சொன்னதும், மொத்தக் கூட்டமும் சீசரைத் திரும்பிப் பார்த்தது.

வெற்றி பப்ளிலியஸுக்கு. லபேரியஸுக்கோ சீசர் 5 லட்சம் செஸ்டர்ஸ் நாணயங்களும், இழந்த அந்தஸ்தைத் திருப்பித் தரும் தங்க மோதிரமும் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டு, அரங்கில் தன் வகுப்பாருக்கென ஒதுக்கிய 14 வரிசைகளில் உட்காரப் போனார். அங்கிருந்த ஒருவரும் நகர்ந்து இடம் விடவில்லை.