சிகரெட் பிடிச்சவர்னு சொல்லி கிளைமை விட்டுடாதீங்க

வணக்கம்ங்க. போன வாரம் பக்கத்து வீட்டு அம்மா கையில ஒரு ஃபைலோட வந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் அறுபதுகளோட கடைசியில அமெரிக்கக் கடற்படையில பாய்லர் ரூம்ல இருந்தவர். இப்போ நுரையீரல் புற்றுநோய். "முப்பது வருஷம் சிகரெட் பிடிச்ச மனுஷன். எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அரசாங்கத்துக்கிட்ட இழப்பீடு கேக்கறது?"ன்னு அந்தம்மா கேட்டாங்க. படையில இருந்தப்போ வந்த பாதிப்புக்கு முன்னாள் வீரர் போடற இந்த இழப்பீட்டு விண்ணப்பத்தைத்தான் கிளைம்ங்கறோம். அதைக் கேட்டதுல இருந்து எனக்கு மனசு ஆறலை.

முதல்ல நான் கேட்டது, கப்பல் வியட்நாம் பக்கம் போச்சாங்கறதுதான். போயிருந்தா வழி சுலபம். ஏஜென்ட் ஆரஞ்சுங்கறது வியட்நாம் போர்ல தெளிச்ச களைக்கொல்லி. அதனாலதான் வந்துச்சுன்னு தனியா நிரூபிக்காமலே அரசாங்கம் ஒத்துக்கற நோய்ப் பட்டியல்ல நுரையீரல் புற்றுநோய் இருக்கு. கரையில இருந்து 12 கடல் மைலுக்குள்ள போன கப்பல்காரங்களுக்கும் 2020ல இருந்து அது பொருந்தும். ஆனா இவர் கப்பல் அட்லாண்டிக்லயேதான் இருந்திருக்கு. அப்போ ஆஸ்பெஸ்டாஸ்தான் வழி. நச்சுப் பொருள் பட்ட வீரர்களுக்காக 2022ல வந்த பாக்ட் சட்டத்துல ஆஸ்பெஸ்டாஸுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது, அதனால இங்க நாமளேதான் நிரூபிக்கணும்.

அந்தக் காலத்துக் கப்பல்ல நீராவி பைப், பாய்லர், டர்பைன்னு எதைத் தொட்டாலும் ஆஸ்பெஸ்டாஸ் உறைதான். ரிப்பேர்னா அந்த உறையை உரிக்கணும், பழைய காஸ்கெட்டைச் சுரண்டி எடுக்கணும். காத்து வராத இரும்பு அறை. வெள்ளையா தூள் பறக்குமாம், அது மேலயே படுத்துத் தூங்கியிருக்கேன்னு அவர் சொன்னார். அந்தத் தூள் நுண்ணிய நார். உள்ள போனா நுரையீரல்ல குத்திக்கிட்டு நின்னுடும், உடம்பால அதைக் கரைக்க முடியாது. நோய் தலைகாட்ட 40 வருஷத்துக்கு மேலகூட ஆகலாம். அதுக்குள்ள அந்தப் பாய்லர் ரூமையே மனுஷன் மறந்துடறார்.

சிகரெட் விஷயத்துக்கு வர்றேன். நியூயார்க் மவுன்ட் சினாய் ஆஸ்பத்திரியில டாக்டர் இர்விங் செலிகாஃப்னு ஒருத்தர் இருந்தார். இன்சுலேஷன் தொழிலாளிகளை வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்தவர். அவரும் கூட இருந்தவங்களும் 1979ல வெளியிட்ட கணக்கைக் கேளுங்க. ரெண்டும் இல்லாதவரோட ஒப்பிட்டா, ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் பட்டவர் நுரையீரல் புற்றுநோயால சாகற வாய்ப்பு 5 மடங்கு. சிகரெட் மட்டும்னா 11 மடங்கு. ரெண்டும் சேர்ந்தா 53 மடங்கு! 5ஐயும் 11ஐயும் கூட்டினா 16தானே வரணும்? ஒண்ணை ஒண்ணு பெருக்கி விட்டிருக்கு. அதனால சிகரெட் பிடிச்சவருக்கு ஆஸ்பெஸ்டாஸ் செஞ்ச கேடு குறைஞ்சு போயிடலை, பல மடங்கா ஏறியிருக்கு. டாக்டர் கடிதத்துல இந்த விளக்கம் இருந்தே ஆகணும். ஏன்னா 1998 ஜூன் 9க்கு அப்புறம் போட்ட கிளைம்ல, சர்வீஸ்ல சிகரெட் பிடிச்சதுதான் காரணம்னு சொன்னா சட்டப்படி கிடைக்காது.

அந்தம்மா ஃபைல்ல ஏற்கனவே ஒரு டாக்டர் கடிதம் இருந்துச்சு. ரெண்டே வரி. "ஆஸ்பெஸ்டாஸும் காரணமா இருக்கலாம்." எனக்குக் கோபமே வந்துடுச்சு. இந்த "இருக்கலாம்"ங்கற வார்த்தை கிளைமுக்கு உதவாது. வி.ஏ., அதாவது கிளைமை முடிவு பண்ற முன்னாள் படைவீரர் நலத்துறை, கேக்கறது, காரணமா இல்லாம இருக்கறதுக்கு எவ்வளவு வாய்ப்போ, குறைஞ்சது அதே அளவு வாய்ப்பாவது காரணமா இருக்கறதுக்கும் இருக்குங்கற வாசகம். பாதிக்குப் பாதி போதும். சாட்சியம் சமமா நின்னா முன்னாள் வீரர் பக்கம்தான் சாயணும்னு சட்டமே சொல்லுது. ஆனா டாக்டர் சர்வீஸ் விவரத்தைப் படிச்சு, சிகரெட்டையும் மறைக்காம சொல்லி, ஏன் அப்படி நினைக்கறேன்னு காரணத்தோட எழுதணும். ஆஸ்பெஸ்டாஸ் நாரால நுரையீரல் தழும்பேறிப்போற ஆஸ்பெஸ்டோசிஸ் நோயும் கூடவே இருக்கணும்னு கட்டாயமில்லை.

படையில இருந்து வெளியே வரும்போது கொடுக்கற டி.டி. 214 சான்றிதழ்ல அவர் என்ன வேலை பார்த்தார்னு இருக்கும். முழு சர்வீஸ் ஃபைல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்துல இருந்து வரணும். 1973ல அங்க தீப்பிடிச்சு எரிஞ்சதுல போனது பெரும்பாலும் ராணுவம், விமானப்படை ஆவணங்கள். கடற்படை ஃபைல்கள் தப்பிச்சது. கூட வேலை பார்த்தவர் யாராவது உயிரோட இருந்தா அவர் எழுதித் தர்றதும் சாட்சிதான்.

கடிதம் வரட்டும்னு காத்திருக்காதீங்க. கிளைம் போடப்போறேன்னு முன்னாடியே தெரிவிச்சுட்டா, பணத்தைக் கணக்கிடறதுக்கான அந்தத் தேதி ஒரு வருஷத்துக்கு உங்க பேர்ல நிக்கும். ஒத்துக்கிட்டா, புற்றுநோய் இருக்கற வரைக்கும் 100 சதவீத ஊனம்னு கணக்கு வெச்சுப் பணம் தருவாங்க. சிகிச்சை முடிஞ்சு ஆறு மாசத்துல மறுபடி பரிசோதிப்பாங்க. நோய் முத்திப்போனவங்க ஃபைலை முதல்ல எடுக்கச் சொல்லிக் கேக்கலாம். அவர் தவறிட்டாலும், அந்த நோய்தான் காரணம்னா மனைவிக்கு மாசாமாசம் உதவித்தொகை உண்டு. டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜன் மாதிரி முன்னாள் வீரர் சங்கத்து ஆளுங்க காசு வாங்காம எழுதித் தர்றாங்க, அவங்ககிட்ட போங்க.

நேத்து சாயங்காலம் அவர் பக்கத்துல உக்காந்து எழுதிக்கிட்டேன். எந்தக் கப்பல், எந்த வருஷம், எந்த பைப்பை எதால உரிச்சார், முகமூடி கொடுத்தாங்களா. மூச்சு வாங்குது அவருக்கு, நடுநடுவுல நிறுத்திட்டுத்தான் பேசினார். மூணு பக்கம் வந்திருக்கு. நாளைக்கு காலையில நுரையீரல் டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட். அந்த மூணு பக்கத்தை ஃபைல்ல எல்லாத்துக்கும் மேல வெச்சிருக்காங்க அந்தம்மா.