மரியோ கார்ட் டூர்: இலவச கேமில் 70 டாலர் பட்டன் எப்படி வந்தது?

[திரையில்: கேமின் கடைப் பக்கம். கடைசி வரிசை பெரிதாகிறது.]

135 ரூபி, அதாவது கேமுக்குள் காசு மாதிரி செலவழிக்கும் சிவப்புக் கற்கள், 69.99 டாலர். 2019 செப்டம்பரில் வந்த மரியோ கார்ட் டூர் என்ற மொபைல் கேமின் கடையில் இருந்த பெரிய பேக் இது. அன்றைய டாலர் விலைக்கு ஐயாயிரம் ரூபாய்க்குப் பக்கம். இந்த கேமை வெளியிட்ட ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ தன் ஸ்விட்ச் கன்சோலுக்கு 2017-இல் விற்ற மரியோ கார்ட் 8 டீலக்ஸ் 59.99 டாலர்தான். அதில் 42 ஓட்டுநர்கள், 48 ட்ராக்குகள், வீட்டில் நான்கு பேர் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டு ஆடலாம், எல்லாமே அந்த ஒரு விலைக்குள். இங்கே அதைவிடப் பத்து டாலர் கூடக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? தெரியாது. கொடுத்த பிறகுதான் தெரியும்.

அந்தத் "தெரியாது"வுக்கு எப்படி விலை போட்டார்கள் என்பதைத்தான் இன்றைக்குப் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: சூப்பர் மரியோ ரன்]

கொஞ்சம் பின்னால் போவோம். 2016 டிசம்பர் 15, ஐபோனில் சூப்பர் மரியோ ரன் வருகிறது. ஆரம்பக் கட்டங்கள் சும்மா, பிடித்திருந்தால் 9.99 டாலர் கட்டி மீதியைத் திறந்துகொள், அதற்கப்புறம் உன்னிடம் கை நீட்ட மாட்டோம் என்றார்கள். நேர்மையான வியாபாரம்தானே? ஆனால் ஆப் ஸ்டோரில் ஒற்றை நட்சத்திர ரிவ்யூக்களாக வந்து குவிந்தன, மொபைல் கேமுக்குப் பத்து டாலரா என்று. இரண்டே மாதத்தில், 2017 பிப்ரவரியில், ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸ் வந்தது. அது இலவசம், ஆனால் வீரர்களைக் குலுக்கலில்தான் எடுக்க முடியும். மரியோவை இறக்கிய கூட்டத்தில் ஒரு சின்னப் பங்குதான் இதற்கு வந்தது, ஆனால் காசு கொட்டியது இதில்தான். எங்களுக்குப் பிடித்தது மரியோ ரன் முறைதான் என்று நிண்டெண்டோவின் மூத்த அதிகாரி ஒருவர் 2017 மார்ச்சில் ஜப்பானின் நிக்கேய் நாளிதழிடம் சொன்னார். பிடித்தது அதுவாக இருக்கலாம், கல்லாவை நிரப்பியது இது.

இந்தச் சூழலில்தான் 2018 ஜனவரி கடைசியில் "மரியோ கார்ட் மொபைலுக்கு வருகிறது" என்று ட்விட்டரில் அறிவித்தார்கள். 2019 மார்ச்சுக்குள் வரும் என்றார்கள். சரியாக ஒரு வருடம் கழித்து, இன்னும் மெருகேற்ற வேண்டியிருக்கிறது, கோடைக்குத் தள்ளிப் போடுகிறோம் என்றார்கள். மே கடைசியில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஆண்ட்ராய்டு ஃபோன்களில் மட்டும் ஒரு சோதனைப் பதிப்பு ஓடியது. அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது: ஓட்டுநர்கள் குலுக்கலில்தான் வருகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே 2019 மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஒரு செய்தி வந்தது. ஆட்டக்காரர்கள் அளவுக்கு மீறிச் செலவு செய்யாதபடி கேம்களை மாற்றுங்கள் என்று, தன்னோடு சேர்ந்து மொபைல் கேம் செய்யும் நிறுவனங்களை நிண்டெண்டோ கேட்டுக்கொண்டதாம், பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தில். ஆறு மாதம் கழித்து வந்தது இந்த 70 டாலர் பேக்.

[திரையில்: நியூயார்க் ட்ராக், ஒரு விரலால் வண்டியைத் திருப்பும் கை]

செப்டம்பர் 25. முதல் வாரத்திலேயே சுமார் 9 கோடிப் பேர் இறக்கியிருப்பார்கள் என்று ஆப் சந்தையைக் கணக்கிடும் சென்சார் டவர் சொன்னது. அமெரிக்க ஐபோன்களில் அந்த ஆண்டு மிக அதிகமாக இறக்கப்பட்ட இலவச கேம் இதுதான். ஆடவும் சுலபம். ஆக்ஸிலரேட்டர் தானாக ஓடும், நீங்கள் விரலால் திருப்பினால் போதும். பெட்ரோல் தீர்ந்தது, நாலு மணிநேரம் காத்திரு என்ற வம்பெல்லாம் இல்லை. மல்டிபிளேயர் மட்டும் ஆரம்பத்தில் கிடையாது. மனிதப் பெயர்களோடு பக்கத்தில் ஓடியவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று தெரிந்தபோது பலருக்கு ஏமாற்றம். ஓட்டுவதற்கு யாரும் காசு கேட்கவில்லை என்பதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு "நான் ஒரு பைசா கொடுக்காமல் ஆடினேனே" என்று கமென்டில் வராதீர்கள்.

காசு கேட்ட இடம் வேறு. அதுதான் பைப்.

[திரையில்: பச்சை பைப், விரல் கீழே இழுக்கிறது, மெதுவாக]

மரியோ கேம்களில் வரும் அதே பச்சைக் குழாய். விரலை வைத்துக் கீழே இழுத்து விட்டால் கவண் மாதிரி மேலே சீறி எதையாவது துப்பும். ஓட்டுநராக இருக்கலாம், வண்டியாக இருக்கலாம், பறக்கும் கிளைடராக இருக்கலாம். இதை காச்சா என்பார்கள். கச்சா எண்ணெயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜப்பானில் தெருவோரம் இருக்கும் பொம்மை மெஷினில் காசு போட்டுப் பிடியைத் திருகும்போது வரும் சத்தம் "காச்சா", உருண்டை கீழே விழும் சத்தம் "பொன்". பெயரே அந்தச் சத்தத்திலிருந்து வந்ததுதான்.

ஒரு தடவை சுட 5 ரூபி. மொத்தமாகப் பத்து தடவை என்றால் 45 ரூபி. இப்போது மேலே பார்த்த 135-ஐ நினைத்துப் பாருங்கள்: மூன்று பத்து, அச்சு பிசகாமல். அப்படியானால் பத்து தடவை இழுக்க 23 டாலருக்கு மேல், அதுவும் இருப்பதிலேயே பெரிய பேக்கை வாங்கினால். ஆனால் பைப் முன்னால் நிற்கும்போது உங்கள் கண்ணில் 23 டாலர் படாது, 45 என்ற எண்ணும் ஒரு சிவப்புக் கல்லும்தான் படும். டாலரைக் கல்லாக்கிக் கையில் கொடுத்த பிறகு, கல்லைத் திரும்ப டாலராக்கிப் பார்க்க யாரும் கால்குலேட்டர் எடுப்பதில்லை. நானும் இந்த வீடியோவுக்காகத்தான் எடுத்தேன்.

ஒரு பைப்புக்குள் 100 பொருள்கள். பெட்டிக்கடையில் ஒரு அட்டையில் வரிசையாகச் சீட்டு ஒட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, ஒரு ரூபாய் கொடுத்தால் ஒன்றைக் கிழிக்கலாம், அந்தக் கணக்குதான். கிழிக்கக் கிழிக்க அட்டையில் சீட்டு குறையும், பெரிய பரிசு இன்னும் போகாமல் இருந்தால் வாய்ப்பு ஏறும். எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்றும் போட்டிருந்தார்கள், ஏனென்றால் 2017 டிசம்பரிலிருந்து ஆப்பிள் அதைக் கட்டாயமாக்கியிருந்தது. ஆனால் துரதிர்ஷ்டம் பிடித்தவர் அட்டை முழுவதையும் கிழிக்க வேண்டும் என்றால் 450 ரூபி. பெரிய பேக்கின் விலையில் கணக்குப் போட்டால் சுமார் 233 டாலர். கேமிலேயே இலவசமாகவும் ரூபி சொட்டுச் சொட்டாகக் கிடைக்கும், அதனால் முழுத்தொகையும் கையிலிருந்து போக வேண்டியதில்லை. ஆனால் சொட்டு நிரம்புவதற்குள் அட்டையை மாற்றிவிடுவார்கள், அதற்கு வருகிறேன்.

[திரையில்: ஓட்டுநர் தேர்வுப் பக்கம், மூன்று தட்டுகள்]

சரி, நமக்கு மரியோவே போதும், எதற்கு இன்னொரு ஓட்டுநர்? இங்கேதான் இதை வடிவமைத்தவர்களின் மூளையைப் பாராட்ட வேண்டும், கொஞ்சம் கோபத்தோடு. இந்த கேமில் முதலில் வருவது முக்கியமில்லை, பாயிண்ட்தான் முக்கியம். ஒவ்வொரு ட்ராக்குக்கும் பொருத்தமான ஓட்டுநர்கள் என்று சிலர் மேல்தட்டில் இருப்பார்கள். மேல்தட்டு ஆளுக்கு ஒரே நேரத்தில் மூன்று ஐட்டம், அதாவது ரேஸில் பயன்படுத்தும் பொருள்கள், கிடைக்கும், நடுத்தட்டுக்கு இரண்டு, கீழ்த்தட்டுக்கு ஒன்றே ஒன்று. மூன்றும் ஒரே மாதிரி விழுந்தால் ஃப்ரென்ஸி, அதாவது சில நொடிகளுக்கு அந்த ஐட்டத்தைக் கணக்கில்லாமல் அள்ளி வீசலாம். பாயிண்ட் எகிறும். ஆக, நீங்கள் எவ்வளவு அழகாக வளைவில் ட்ரிஃப்ட் செய்தாலும், கீழ்த்தட்டு ஆளை வைத்துக்கொண்டு மேல்தட்டு ஆளை வைத்திருப்பவரைப் பாயிண்டில் பிடிப்பது கஷ்டம். ஒவ்வொரு வாரமும் 20 பேர் கொண்ட ஒரு கூட்டத்தில் உங்கள் பெயரையும் போட்டு வரிசைப்படுத்திக் காட்டுவார்கள். ஏழாவது இடத்தில் உங்கள் பெயர் நிற்கும், ஆறாவது ஆளின் பாயிண்ட் கொஞ்சம்தான் அதிகம் இருக்கும், பைப் இரண்டு பட்டன் தள்ளி இருக்கும்.

அப்புறம், இரண்டு வாரத்துக்கு ஒரு டூர்: நியூயார்க் முடிந்து டோக்கியோ வந்துவிடும். ட்ராக் மாறும், பைப்பில் முன்னிறுத்தும் ஆளும் மாறுவார். போன டூரில் அடித்துப்பிடித்து எடுத்த ஓட்டுநர் இந்த டூரின் ட்ராக்குகளில் கீழ்த்தட்டில் உட்கார்ந்திருக்கலாம். எடுத்த ஆளே மறுபடி விழுந்தாலும் அவருடைய பாயிண்ட் ஏறும், அதனால் ஒருவர் கிடைத்ததோடு இழுப்பதை நிறுத்தவும் காரணம் இருக்காது.

[திரையில்: கோல்ட் பாஸ், 4.99 டாலர்]

இதற்கு மேல் கோல்ட் பாஸ். மாதம் 4.99 டாலர். வெளியானபோது 200 சிசி, அதாவது இருப்பதிலேயே வேகமான ரேஸ், இதைக் கட்டியவர்களுக்கு மட்டும்தான். அன்றைக்கு எல்லோரையும் கடுப்பேற்றிய ஒப்பீடு ஒன்று: ஆறே நாள் முன்னால், செப்டம்பர் 19-இல், ஆப்பிள் ஆர்கேட் தொடங்கியிருந்தது. அதே 4.99 டாலருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கேம்கள் என்று உறுதி சொல்லியிருந்தார்கள், எதிலும் உள்ளே காசு கேட்கக் கூடாது என்ற விதியோடு. இங்கே அதே விலைக்கு ஒரே கேமின் வேக வரம்பு. பைப் விலை தனி. மல்டிபிளேயரைக்கூட டிசம்பரில் முதலில் பாஸ் வாங்கியவர்களிடம்தான் சோதித்தார்கள், 2020 மார்ச்சில்தான் எல்லோருக்கும் வந்தது.

[திரையில்: வரைபடம், பெல்ஜியம் சாம்பல் நிறத்தில்]

ஐரோப்பாவில் பெல்ஜியத்துக்கு மட்டும் இந்த கேம் போகவே இல்லை. காசு கொடுத்துக் குலுக்கும் லூட் பாக்ஸ் சூதாட்டச் சட்டத்தை மீறுகிறது என்று அந்த நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில் சொல்லிவிட்டது. நிண்டெண்டோ அங்கே ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸையும் 2019 ஆகஸ்ட்டில் எடுத்துவிட்டது. குலுக்கலை மட்டும் கழற்றி ஒரு பெல்ஜியம் பதிப்பு விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். விடவில்லை. குலுக்கலைக் கழற்றினால் விற்க என்ன மிஞ்சும் என்று அவர்களும் யோசித்திருப்பார்கள், இது என் ஊகம்.

ஆனால் மூன்று வருடம் கழித்து அதைத்தான் செய்தார்கள். ரூபி கொடுத்துச் சுடும் பைப்பை எடுக்கிறோம் என்று 2022 செப்டம்பரில் அறிவித்து, அதற்குப் பதிலாக ஸ்பாட்லைட் ஷாப் என்ற கடையைக் கொண்டுவந்தார்கள். வேண்டிய ஓட்டுநர் இவர், இவருக்கு இத்தனை ரூபி, கொடு, எடுத்துக்கொள். அடுத்த வருடம் மே மாதம் கலிபோர்னியா நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது: நிண்டெண்டோ கணக்கில் இணைத்திருந்த அப்பாவின் கிரெடிட் கார்டிலிருந்து ஒரு சிறுவன் இந்த கேமுக்கு 170 டாலருக்கு மேல் செலவழித்திருந்தான். வழக்கு வந்தபோது பைப் போய் அரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

2023 அக்டோபரோடு புதிய ட்ராக்குகள், புதிய ஓட்டுநர்கள் சேர்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். பழைய டூர்களே சுற்றிச் சுற்றி வருகின்றன.

[திரையில்: ஃபோனின் செட்டிங்ஸ் பக்கம்]

கடைசியாக ஒன்று. கோல்ட் பாஸை வெளியிட்டபோது முதல் இரண்டு வாரம் இலவசம் என்றுதான் கொடுத்தார்கள், ரத்து செய்யாவிட்டால் தானாகக் காசு போகும். எனக்கு இது வேறொரு ஆப்பில் நடந்தது, பெயர் வேண்டாம், ஃபோட்டோ எடிட் செய்யும் ஒன்று. டிலீட் செய்துவிட்டேன், முடிந்தது என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து பேங்க் எஸ்எம்எஸ்களை மேலே தள்ளிப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. ஆப்பை டிலீட் செய்தால் சந்தா நிற்காது. ஐபோனில் செட்டிங்ஸ் போய் மேலே உங்கள் பெயரைத் தட்டினால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் இருக்கும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து ப்ரொஃபைல் படத்தைத் தட்டி, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸுக்குள் போங்கள். வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டு இப்போதே ஒரு தடவை பார்த்துவிடுங்கள், மறந்துபோன பெயர் ஏதாவது அங்கே உட்கார்ந்திருக்கலாம்.